வாடகைக் காரில் சிறு பிள்ளைகள்: மடி போதுமா?



வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேலூர் சாலையில், ஒரு விடுமுறை நாள் காலையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். வாடகைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். சென்னை விமான நிலையத்துக்கு ஒரு வண்டி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி, தாய்வீட்டில் பிள்ளை பெற்ற மகளைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வண்டி. பௌர்ணமி நெருங்கிவிட்டால் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். உள்ளே எட்டிப் பாருங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் தாத்தா. அவர் மடியில் நான்கு வயதுப் பேரன், இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு. பின்னால் தாயின் மடியில் கைக்குழந்தை. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்லும் ஆறு வயதுப் பெண். பெல்ட் போட்டிருப்பவர் ஓட்டுநர் ஒருவர்தான்.

இதில் யாரும் அலட்சியக்காரர்கள் அல்ல. பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நம்முடைய வழக்கத்தில் தாயின் மடியைவிடப் பத்திரமான இடம் கிடையாது. வீட்டிலும் திண்ணையிலும் ஆலயத்திலும் அது உண்மை. ஓடுகிற காரில் மட்டும் அது உண்மையல்ல. ஏன் என்பதையும், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், சொந்தக் கார் இல்லாமல் வாடகை வண்டியை நம்பியிருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் என்ன செய்யக்கூடும் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

கார் மோதும்போது நடப்பது

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நமக்கு வேகமாகவே தோன்றாது. ஊருக்குள்ளேயே அந்த வேகத்தில்தான் போகிறோம். அந்த வேகத்தில் வண்டி ஒரு புளியமரத்தில் மோதினால், ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. ஆனால் நிற்பது வண்டி மாத்திரம். உள்ளே இருப்பவர்கள் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது ஒன்று அவர்களைத் தடுக்கும் வரையில். தடுப்பது பெல்ட்டாக இருக்கலாம், முன் சீட்டின் முதுகாக இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம்.

10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 14 மீட்டர். அது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பூஜ்யமாகிறது என்றால், அந்தக் கண நேரத்துக்கு குழந்தையின் எடை 14 மடங்காகிறது. அதாவது தாயின் கைகளில் இருப்பது 10 கிலோ அல்ல, 140 கிலோ. இரண்டு நெல் மூட்டைகளை ஒரே சமயத்தில் ஒருவர் மடியிலிருந்து யாரோ வெடுக்கென்று இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாயின் பிடியும் நிற்காது. அன்பு குறைந்ததனால் அல்ல. எலும்பும் தசையும் அவ்வளவுதான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகும் 80 கிலோமீட்டர் என்றால் எட்டு மாடி. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் பிள்ளை போனாலே நாம் கத்துகிறோம்.

மடியில் வைத்திருப்பதில் இன்னுமொரு ஆபத்து உண்டு. தாய் பெல்ட் போடாமல் இருந்தால், அவளும் முன்னால் வீசப்படுகிறாள். அப்போது குழந்தை அவளுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள தாயின் பாரமும் 14 மடங்காகி அந்தப் பிஞ்சு மார்பின் மேல் விழுகிறது. சிலர் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டைத் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். இது எல்லாவற்றிலும் மோசம். பெல்ட் ஒரு பக்கம், தாயின் உடல் மறு பக்கம், நடுவில் பிள்ளை நசுங்குகிறது. இதைத் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதிருங்கள்.

முன் இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வெளிவரும் புதிய கார் மாடல்களில் ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காற்றுப்பை கட்டாயம். ஆகவே இப்போது வாடகைக்கு ஓடும் வண்டிகளில் பலவற்றில் டாஷ்போர்டுக்குள் ஒரு பை மடிந்து கிடக்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் அது வெடித்து விரிவது, பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வளர்ந்தவரைக் காப்பாற்றுவதற்காக. தாத்தாவின் மடியில் முன்னால் சாய்ந்து நிற்கும் பிள்ளைக்கு அதே பை முகத்தில் விழும் சம்மட்டி. அமெரிக்காவில் 1990களில், வேறு வகையில் உயிர் தப்பியிருக்கக்கூடிய சிறு மோதல்களில்கூடக் குழந்தைகள் காற்றுப்பையினால் இறந்த பிறகுதான், குழந்தைகளைப் பின்னால் உட்கார வையுங்கள் என்ற பிரசாரம் அங்கே வலுத்தது.

சட்டம் சொல்வது

நமது நாட்டில் குழந்தை இருக்கை பற்றிச் சட்டமே கிடையாது என்று படித்தவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்டு. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-பி என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் இரண்டாம் உட்பிரிவின் சாரம் இதுதான்: 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பத்திரப்படுத்தாமல் வண்டி ஓட்டுபவருக்கும், அப்படி ஓட்டச் செய்பவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம். திருத்தப்பட்ட அபராதங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது.

இந்தப் பிரிவில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாடகை வண்டிக்கு இதில் விலக்கு இல்லை. பெரியவர்கள் பெல்ட் போடுவதைப் பற்றிய முதல் உட்பிரிவில், நின்றுகொண்டு பயணம் செய்யும் பேருந்து போன்ற சில வகைப் போக்குவரத்து வண்டிகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வாசகம் உண்டு. பிள்ளைகளைப் பற்றிய உட்பிரிவில் அந்த வாசகம் கிடையாது. மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு என்ற வித்தியாசமும் இல்லை. இரண்டாவது, அபராதச் சீட்டு பெரும்பாலும் ஓட்டுநர் பேரில்தான் எழுதப்படும். அன்றாடம் ஓட்டிப் பிழைக்கும் மனிதர் அவர். 'பரவாயில்லை, போங்க தம்பி' என்று நாம் சொல்வது அவருடைய ஒரு நாள் வருமானத்தின் மேல் சொல்லும் வார்த்தை.

இந்தச் சட்டத்தில் ஒரு குறையும் இருக்கிறது. பெல்ட் அல்லது குழந்தை இருக்கை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எந்த வயதுக்கு எது என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. ஆறு மாதக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டைப் போட முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுத்தில் இடைவெளி இருக்கிறது. தெருவில் அது இன்னும் அகலமாக இருக்கிறது. கேரளத்தில் 2024 அக்டோபரில் போக்குவரத்து ஆணையர், குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கி டிசம்பர் முதல் அபராதம் விதிக்கப்படும் என்று அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களுக்குள்ளேயே போக்குவரத்து அமைச்சர், இப்போதைக்கு அபராதம் கிடையாது, விழிப்புணர்வு மட்டும்தான் என்று சொல்லி அதைத் தளர்த்திவிட்டார். மக்களின் முணுமுணுப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வாடகைக் காரில் போகிறவர் இருக்கையை எங்கே வாங்குவது, இறங்கிய இடத்தில் அதை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அபராதத்தை மாத்திரம் அறிவித்தால் எந்த ஊரிலும் அப்படித்தான் ஆகும்.

பின் இருக்கையில் பெல்ட் எதற்கு என்ற நினைப்பு நமக்கு மட்டுமல்ல, செல்வந்தர்களுக்கும் இருந்தது. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தது விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில், பெல்ட் போடாத நிலையில். அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கணக்கிட்டது 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2023 அக்டோபரில் செங்கம் அருகே, கிருஷ்ணகிரி செல்லும் சாலையில், சில நாட்கள் இடைவெளியில் இரண்டு பெரிய மோதல்கள் நடந்ததும், காரிலும் சுமோவிலும் வந்தவர்கள் பலர் மாண்டதும் இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு டாக்டரின் போராட்டம்

உலகத்தில் முதன்முதலாகக் குழந்தை இருக்கையைச் சட்டமாக்கிய இடங்களில் முன்னே நிற்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலம். அதற்குக் காரணமாயிருந்தவர் அரசியல்வாதி அல்ல, ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊரில் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்தவர். தடுப்பூசியால் ஒரு நோயை நிறுத்த முடியுமானால் காரில் நடக்கும் மரணங்களையும் அதே மாதிரி நிறுத்தலாமே என்பது அவருடைய எண்ணம். அவரும் அவர் மனைவியும் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடித்தேடிப் பார்த்துப் பேசினார்கள். 1977-இல் சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் சட்டம் நிறைவேறும்போது அதில் ஒரு விதிவிலக்கையும் நுழைத்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை என்பதே அது. தாயின் கைகளில் இருக்கும் குழந்தையைச் சட்டம் பிரிக்கலாமா என்று கேட்டவர்களுக்குச் சமாதானமாகச் செய்த ஏற்பாடு. கேட்பதற்கு இதமாயிருந்தது. ஆனால் அந்த விதிவிலக்கு, காப்பாற்ற வேண்டிய பச்சைக் குழந்தைகளையே சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அதைக் 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்று அதன் எதிர்ப்பாளர்கள் கூசாமல் அழைத்தார்கள். சாண்டர்ஸ் மறுபடியும் படியேறினார். 1981-இல் அந்த விதிவிலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. சரியான இருக்கை, கார் மோதலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண அபாயத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுள்ளவர்களின் அபாயத்தை 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

நாம் இன்று வேங்கிக்காலில் பேசிக்கொள்ளும் அதே வார்த்தைகளைத்தான் டென்னசித் தாய்மார்களும் பேசினார்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

வாடகைக் கார் என்று வரும்போது வெளிநாடுகளும் தடுமாறுகின்றன. இங்கிலாந்தில் 12 வயது ஆகும் வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை, பிள்ளைக்குத் தக்க இருக்கை கட்டாயம். ஆனால் டாக்ஸியில் இருக்கை இல்லையென்றால் பிள்ளை பின் இருக்கையில் போகலாம். மூன்று வயதுக்கு மேற்பட்டால் பெரியவர்களின் பெல்ட்டைப் போட வேண்டும். அதற்குக் கீழ் என்றால் பெல்ட் இல்லாமலே போகலாம். சிங்கப்பூரிலும் 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு இருக்கை வேண்டும். தெருவில் கைகாட்டி நிறுத்தும் டாக்ஸிக்கு விலக்கு உண்டு, செல்போனில் பதிவு செய்து அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த விலக்குகள் எல்லாம் வசதியை உத்தேசித்து வைத்தவை. டாக்ஸிக்குள் மோதலின் வேகம் குறைகிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

எந்தப் பிள்ளைக்கு எந்த இருக்கை

கடைக்காரர் பல பேர்களைச் சொல்லிக் குழப்புவார். விஷயம் எளிது. பச்சைக் குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு, கழுத்தோ இளந்தண்டு. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது மோதினால் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மாத்திரம் முன்னால் பாயும், கழுத்து அதைத் தாங்காது. ஆகவே சிசுவுக்கான இருக்கை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது மோதலின் வேகத்தைத் தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றாகச் சேர்ந்து இருக்கையின் முதுகில் இறக்கிவிடும். இந்த யோசனையை 1960களில் முன்வைத்தவர் சுவீடன் நாட்டின் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர். விண்வெளிக்குப் போகிறவர்கள் ராக்கெட் கிளம்பும்போது மல்லாந்து படுத்திருக்கும் விதத்தைப் பார்த்து இது அவருக்குத் தோன்றியதாம்.

பின்னோக்கிய இருக்கையில் குறைந்தது 15 மாதம் வரையிலாவது இருக்கட்டும் என்பது ஐரோப்பாவின் புதிய விதி. அந்த இருக்கைக்குரிய எடையும் உயரமும் தாண்டும் வரை அப்படியே இருக்கட்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் சொன்னது. பிறகு முன்னோக்கிய இருக்கை, அதற்குச் சொந்தமான தோள்பட்டைகளோடு, சுமார் 18 கிலோ எடை வரை. அதற்குப் பிறகு, பெரியவர்களின் பெல்ட் சரியான இடத்தில் படுமாறு பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை. பெல்ட் பிள்ளைக்குச் சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி: முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் சீட்டின் ஓரத்தில் மடிய வேண்டும், கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, தொடையின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். மேல்பட்டை உறுத்துகிறது என்று பிள்ளைகள் அதைக் கக்கத்துக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிய பெல்ட் மோதலின்போது வயிற்றுக்குள் இருக்கும் ஈரலையும் குடலையும் கிழிக்கக்கூடியது.

வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 என்ற இந்தியத் தரமோ, ஈ.சி.ஈ. ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பியத் தரமோ இருக்கையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையைத் தூக்கிச் செல்லும் மெத்தைக் கூடைகளும், கடையில் தொங்கும் துணிப் பைகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காருக்கானவை அல்ல. விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு குழந்தைக்குச் சிசு இருக்கை தேவைப்படுவது ஓராண்டோ ஒன்றரை ஆண்டோதான். ஆகவே அக்கா தங்கை குடும்பங்களுக்குள், அல்லது ஒரே சபையில் நன்றாகப் பழகிய குடும்பங்களுக்குள், மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதில் தவறில்லை. தொட்டிலையும் பல்லக்குப் பொம்மையையும் நாம் அப்படித்தானே கைமாற்றுகிறோம். ஒரே நிபந்தனை: அது எந்த விபத்திலும் சிக்கியிருக்கக் கூடாது, பட்டையும் பிளாஸ்டிக்கும் வெடித்திருக்கக் கூடாது. வரலாறு தெரியாத பழைய இருக்கையை வாங்குவதைவிட வாங்காமலிருப்பதே நல்லது.

வண்டி பேசும்போது

இனி நடைமுறைக்கு வருவோம். நமது வாடகைக் கார்களின் பெரிய குறை, பின் இருக்கை பெல்ட் இருந்தும் இல்லாதது. தொழிற்சாலையிலிருந்து பெல்ட்டோடுதான் வண்டி வருகிறது. வாங்கிய மறுவாரமே சீட் கவர் போடுகிறார்கள். பெல்ட்டைச் செருகும் கொக்கி கவருக்கு அடியில் புதைந்துவிடுகிறது. பிறகு வண்டி விற்கப்படும் வரை அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே வண்டி பேசும்போதே, முந்தின நாள் மாலையிலேயே, 'அண்ணே, குழந்தை இருக்கு. பின் சீட் பெல்ட் கொக்கியை வெளியே எடுத்து வைத்திருங்க' என்று சொல்லிவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு, பெட்டிகள் ஏறிய பிறகு, எல்லோரும் அவசரப்படும்போது சொன்னால் நடக்காது. முன்னதாகச் சொன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

எத்தனை பேர் என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் என்றால் பெல்ட்டைப் பற்றிப் பேசுவதே வீண். சுமோ, பொலேரோ போன்ற பழைய வண்டிகளில் பின்னால் எதிரெதிராகப் போடப்பட்ட பக்கவாட்டு இருக்கைகளில்தான் வழக்கமாகப் பிள்ளைகளை ஏற்றுவார்கள். இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். கல்யாணத்துக்குப் போகும் வேன்களில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே சேலையால் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைப்பதும் உண்டு. வீட்டு உத்தரத்தில் அது சுகமான படுக்கை. ஓடும் வண்டியில் அது கவணில் வைத்த கல்.

சொந்த இருக்கையைக் கொண்டுபோகிறவர்கள், அதைக் காரின் பெல்ட்டால் கட்டும் விதத்தை முன்னதாக ஒரு நாள் யாராவது தெரிந்தவர் காரில் பழகிக்கொள்ளுங்கள். பெல்ட்டைச் செலுத்தும் பாதை இருக்கையிலேயே வரைந்திருக்கும். முழங்காலை இருக்கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்க வேண்டும். கட்டிய பிறகு அடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பிள்ளையின் தோள்பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது. கம்பளியோ தடித்த துணியோ உள்ளே சுற்றியிருந்தால் பட்டை தளர்வாகவே இருக்கும்; போர்வையைப் பட்டை போட்ட பிறகு மேலே போர்த்துங்கள். பின்னோக்கிய இருக்கையை முன் சீட்டில் ஒருபோதும் வைக்க வேண்டாம், காற்றுப்பை இருக்கிறதோ இல்லையோ.

பிள்ளை அழும். மடியில் பழகிய பிள்ளை முதல் இரண்டு மூன்று தடவை வண்டியையே இரண்டாக்கும். வண்டியிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் 'பாவம், எடுத்துடும்மா' என்பார்கள். அந்த இடத்தில்தான் தாய் தனித்து நிற்கிறாள். கணவரும் மாமியாரும் அவள் பக்கம் நின்றால் போதும், காரியம் பாதி முடிந்தது. பால் கொடுக்க வேண்டுமானால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும்போது வெளியே எடுக்காதிருங்கள். சென்னைக்கு இங்கிருந்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். சின்னக் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இருக்கையிலிருந்து எடுத்து நிமிர்த்த வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன சிசு, அதிலும் குறை மாதத்தில் பிறந்தது, நெடுநேரம் சாய்ந்து உட்கார்ந்தால் தாடை மார்பில் இறங்கி மூச்சு முட்டலாம். யாராவது பெரியவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் முதல் பயணத்தைப் பற்றி டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. திருவண்ணாமலை மே மாத வெயிலில் நிறுத்தியிருந்த காரின் இரும்புக் கொக்கி பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். உட்கார வைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்தானே என்று பூட்டிய காரில் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குள் போகவே கூடாது.

இருக்கை இல்லாவிட்டால்

எல்லோராலும் இருக்கை வாங்க முடியாது என்பதை அறிவோம். அப்போது என்ன செய்வது? மடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வழி என்று ஒன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆபத்தைக் குறைக்கும் வழிகள் மட்டும் உண்டு. தனியாக உட்காரத் தெரிந்த பிள்ளையைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, அதற்கென்று ஒரு தனிப் பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட் முழுப் பொருத்தமாக இராது. ஆனாலும் இல்லாததைவிட மேல். கைக்குழந்தையானால் வைத்திருப்பவர் பின் இருக்கையில், தான் மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டு, பெல்ட்டுக்கு வெளியே குழந்தையை அணைத்துக்கொள்ளட்டும். பிடி நழுவலாம்; ஆனால் தன் பாரத்தால் பிள்ளையை நசுக்கமாட்டார்.

அதைவிட முக்கியமானது வேகமும் நேரமும். மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-க்குப் பதிலாக 60-இல் போனால் வேகம் கால் பங்குதான் குறைகிறது. அடியின் பலமோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வண்டிக்கு வாடகை கொடுப்பவர் நாம். '60-க்கு மேல் வேண்டாம்' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நள்ளிரவில் கிளம்பி விடிவதற்குள் போய்ச் சேர்வது என்ற நம் வழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பகலெல்லாம் ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநருக்கு அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கண் செருகுவது இயற்கை. அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பேருந்திலும் ரயிலிலும் போக முடியுமானால் கைக்குழந்தைக்கு அது காரைவிடப் பத்திரமானது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிய ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. காரைவிட அதிக நேரம் ஆகும். ஆனால் குழந்தையை எடுத்து உலாத்தலாம், பால் கொடுக்கலாம், தூளியும் கட்டலாம்.

ஆட்டோவைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் பெல்ட்டும் இல்லை, இருக்கை கட்ட இடமும் இல்லை. பிள்ளையை ஓரத்தில் வைக்காமல் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வைப்பது, ஓட்டுநரின் பக்கத்தில் ஏற்றாதிருப்பது, ஷேர் ஆட்டோவில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகாதிருப்பது என்ற அளவில்தான் சொல்ல முடியும். இரு சக்கர வண்டிக்கு விதி இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழ் என்றால், 2022 பிப்ரவரியில் வெளியிடப்பட்டு ஓராண்டு கழித்து அமலுக்கு வந்த மத்திய அரசு விதியின்படி, பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசமும் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைத்து அழைத்துப் போகும் தகப்பன்மார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சொந்தக் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே கொடுக்கிறார்கள். ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் வைத்து மோதிப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் வருகிறது. விற்பனையாளர் முதல் எண்ணை மட்டும் காட்டுவார், இரண்டாவதையும் கேளுங்கள்.

வாடகை வண்டி வைத்திருக்கும் வாசகர்களும் இந்த இதழைப் பார்ப்பதுண்டு. நாலைந்து வண்டி வைத்திருப்பவர் ஒரு சிசு இருக்கையும் ஒரு பூஸ்டரும் வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்தால் சில மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும். விமான நிலையத்துக்குப் பிள்ளையோடு போகும் குடும்பம் அந்த வண்டியைத்தான் தேடி வரும். திரும்பி வரும் காலி வண்டியிலேயே இருக்கையும் வந்துவிடும். இறங்கிய இடத்தில் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாது.